சிவப்பு நூல் கட்டிய பூ

அத்தியாயம் 17

சிவராசா வீட்டில் அப்பாவும் மகளும் எட்டு மாதமாகப் பேசிக்கொள்வதில்லை என்பது இந்தக் கதையை முதலில் இருந்து படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நறுவிலிக்குளத்தில் சிவராசாவின் வளவுக்குப் பின்னால் பச்சை வலை அடித்து ஓர்கிட் வளர்த்தவர்கள் மகள் சிவதர்சினியும் அவளுடைய கணவன் நிதர்சனும். போன கார்த்திகையில் வெள்ளம் வந்தபோது நிதர்சன் இரண்டு நாள் இடுப்பளவு தண்ணீரில் நின்று சட்டிகளை மேலே ஏற்றினான். பத்தாம் நாள் எலிக்காய்ச்சல் அவனைக் கொண்டுபோய்விட்டது. முப்பத்திரண்டு வயது.

செத்தவீட்டில், வந்திருந்த சனம் முழுக்கக் கேட்க, சிவராசா ஒரு வார்த்தை சொன்னார். "இந்தப் பூச்சட்டியள்தான் என்ர மருமோனைத் திண்டது." மகள் அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். அதுதான் கடைசி. அதற்குப் பிறகு சாப்பாடு போட்டாள், சாரம் தோய்த்துப் போட்டாள், சொல்ல வேண்டியதையெல்லாம் தாய் சிவலட்சுமியிடம் சொன்னாள்.

போன கிழமை அவள் குளிர்ப்பெட்டிக்குள் இருந்து ஒரு சின்னப் போத்திலை எடுத்துக்கொண்டு வலைக்குள் போனதைப் பார்த்தோம். என்ன செய்தாள் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. கேட்க வேண்டிய மனிசன் கேட்கிற நிலைமையில் இல்லை.

இன்று காலை அவள் வெள்ளாங்குளத்துக்குப் புறப்பட்டாள். நிதர்சனின் தாய் தவமலர் அங்கேதான் இருக்கிறார். மாதத்தில் ஒரு நாள் தர்சினி போய் மாமியோடு இருந்துவிட்டு வருவாள்.

"பின்னேரம் வந்திருவன் அம்மா. வலைக்குள்ள புல்லு நிக்குது. வந்து பிடுங்கிறன், நீங்கள் குனியாதேங்கோ."

கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த சிவராசாவின் காதில் இது விழுந்தது. அவள் ஒழுங்கையால் திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார். இன்று அவளுடைய நடையில் ஒரு வேகம் இருந்தது. அவ்வளவு நாளும் இல்லாத வேகம்.

"இஞ்ச, அந்தச் சின்னக் கத்தியை எடு," என்றார் மனைவியிடம்.

"என்னத்துக்கு?"

"புல்லைப் பிடுங்கி விடுறன். பிள்ளை களைச்சு வருவாள்."

சிவலட்சுமி கையில் இருந்த சுளகைக் கீழே வைத்தாள். வெள்ளத்துக்குப் பிறகு இந்த மனிசன் வலைப்பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. வாய் திறந்து ஏதாவது கேட்டால் மனம் மாறிவிடுவாரோ என்று பயந்து, பேசாமல் கத்தியை எடுத்துக் கொடுத்தாள்.

வலைக்குள் போனார். மருமகனின் பழைய சேட்டு ஒன்று இன்னமும் கம்பியில் தொங்கியது. அதைப் பார்க்காத மாதிரிக் குனிந்து புல்லைப் பிடுங்கத் தொடங்கினார்.

அறுபது சட்டி இருக்கும். முக்கால்வாசி பூத்திருந்தன. மண்ணிறத்தில் கறுப்புப் புள்ளி போட்ட பூக்கள், ஒரு தண்டில் பத்து, பன்னிரண்டு. ஒவ்வொரு பூவின் நடுவிலும் மீசை மாதிரி இரண்டு. சும்மா இருக்கமாட்டாமல் ஒன்றின் மீசையைப் பெருவிரலால் தட்டிப் பார்த்தார். பட்டென்று ஒரு மஞ்சள் பொட்டு பாய்ந்து வந்து விரலில் ஒட்டியது. சிவராசா திடுக்கிட்டுக் கையை உதறினார். போகவில்லை. சாரத்தில் தேய்த்தார், அப்போதும் போகவில்லை. எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவருக்குச் சிரிப்பு வந்தது. இதைத்தான் நிதர்சன் ஒவ்வொரு நாளும் கூப்பிட்டுக் காட்டப் பார்த்தான், மாமா ஒருக்கா வாங்கோ, ஒருக்கா வாங்கோ என்று. வயல் வேலை கிடக்கு என்று அவர் ஒரு நாளும் போகவில்லை.

வலைக்கு வெளியே, தெற்குப் பக்கம், நல்ல வெயிலில் ஒரு சட்டி தனியாகக் கல்லின் மேல் இருந்தது. அதைக் கண்டதும் சிவராசாவின் கண் நின்றுவிட்டது.

இந்த இடத்தில் அவருடைய கண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சிவராசா முப்பது வருடமாக விதைநெல் போடுகிறவர். விதைநெல் வயலில் வேறு இனம் ஒரு பயிர்கூட நிற்கக் கூடாது. உயரம் பிசகினது, நிறம் பிசகினது, கதிர் பிசகினது எல்லாவற்றையும் கலப்பு என்று பிடுங்கிவிட வேண்டும். வெயில் ஏற முதல் வயலுக்குள் நடந்து, சந்தேகமானதில் எல்லாம் சிவப்புத் துணி கட்டிவிடுவார். பிறகு வந்து கட்டினதைப் பிடுங்குவார். பிடுங்கினதை வரம்பில் போடமாட்டார், விதை கொட்டிவிடும் என்று வாய்க்கால் வரைக்கும் கொண்டுபோய் எறிவார். ஆடி பிறந்ததில் இருந்து இரண்டு கிழமையாக இதே வேலைதான். கண்ணை மூடினாலும் கலப்புத்தான் தெரிகிற காலம் அது.

அந்தச் சட்டியில் இருந்த தண்டில் மூன்றே மூன்று பூ. புள்ளி இல்லை, மீசை இல்லை. பச்சையும் மஞ்சளும் கலந்து, தடித்து, கவிழ்த்துவைத்த தொப்பி மாதிரி. இரண்டு வாடிச் சுருங்கி, அடிக்காம்பு வீங்கிப்போய் இருந்தன. இலையைப் பார்த்தால் மற்றச் செடி, பூவைப் பார்த்தால் வேறு எதுவோ. தண்டில் ஒரு சிவப்பு நூல் கட்டியிருந்தது.

அவருக்கு விளங்கிவிட்டது. விவசாயி வீட்டுப் பிள்ளை அல்லவா, கலப்பைக் கண்டு ஒதுக்கிவைத்து, நூலும் கட்டியிருக்கிறாள். பிடுங்கத்தான் மனம் வரவில்லை, அவன் வைத்த செடி என்று. பாவம் பிள்ளை. இந்த ஒரு வேலையையாவது அவளுக்கு நான் செய்து கொடுக்கிறேன் என்று நினைத்தார்.

செடிக்கு நோகாமல் தண்டை அடியோடு ஒரே வெட்டில் வெட்டினார். வெட்டின இடத்தில் அடுப்புச் சாம்பல் தடவினார். தண்டை வாய்க்கால் வரைக்கும் நடந்துபோய் எறிந்தார். எல்லாம் முறைப்படி செய்தார். இதை எழுதுகிற எனக்கே அந்த மனிசனின் கையைப் பிடித்து நிறுத்த வேண்டும் போல இருக்கிறது.

திரும்பி வந்து முற்றத்துக் கதிரையில் உட்கார்ந்து தேத்தண்ணி கேட்டார். "பின்னேரம் வந்து பார்த்தாளெண்டா ஏதும் கதைப்பாள்," என்றார் மனைவியிடம்.

"கதைப்பாள்," என்றாள் சிவலட்சுமி. அவளுடைய கண் கலங்கியிருந்தது.

பதினொரு மணிபோல எருக்கலம்பிட்டியில் இருந்து உம்மு குல்சூம் ஓட்டோவில் வந்து இறங்கினார். ஐம்பது வயது. புத்தளத்தில் அகதியாக இருந்த காலத்தில் பூச்செடி பழகி, ஊருக்குத் திரும்பியபோது உடுப்புப் பெட்டியை விடச் செடிப் பெட்டியைக் கவனமாகக் கொண்டுவந்த மனுசி. நிதர்சனுக்கும் தர்சினிக்கும் முதல் ஆறு சட்டி கொடுத்தவர் அவர்தான்.

"தர்சினி இல்லையா? பரவாயில்லை அண்ணன். அந்தச் சட்டியை மட்டும் ஒருக்காப் பார்த்திட்டுப் போறன். போனில படம் அனுப்பினவ, எனக்கு ரெண்டு நாளா நித்திரை இல்லை."

சிவராசா பெருமையோடு முன்னால் நடந்தார். "இப்ப எல்லாம் துப்புரவாக் கிடக்கு. பாருங்கோ."

உம்மு குல்சூம் கல்லின் மேல் இருந்த சட்டியைப் பார்த்தார். சாம்பல் தடவின வெட்டைப் பார்த்தார். கீழே பார்த்தார், பின்னால் பார்த்தார்.

"காய் எங்க அண்ணன்?"

"என்ன காய்?"

"இதில ஒரு தண்டு நிண்டதே. சிவப்பு நூல் கட்டி."

"அந்தக் கலப்போ? அதை வெட்டி எறிஞ்சிட்டன்."

உம்மு குல்சூம் அல்லாவே என்று ஒரு தரம் சொன்னார், மெதுவாக. பிறகு பக்கத்தில் கிடந்த சீமெந்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"கலப்பு இல்லை அண்ணன். அது பொம்பிளைப் பூ. இந்தச் செடிக்கு ஆம்பிளைப் பூ வேற, பொம்பிளைப் பூ வேற. ரெண்டையும் பக்கத்தில வைச்சாலும் ஒரே இனமெண்டு சொல்ல ஏலாது. உள்ளுக்க புள்ளி போட்டு நிக்கிறதெல்லாம் ஆம்பிளை. அது காய்க்காது. பொம்பிளைப் பூ லேசில வராது. செடியும் பலமா இருக்கோணும், நல்ல வெயிலும் படோணும். நிதர்சன் தம்பி மூண்டு வருசம் பார்த்துக்கொண்டு இருந்தவர். அவருக்கு வரவே இல்லை."

சிவராசா நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவர் உண்டாக்கின கறுப்புப் பூச் செடி ஒண்டு இருந்தது. அது வெள்ளத்தில அழுகிப் போச்சு. அதிண்ட மகரந்தத்தை மட்டும் அவர் ஐப்பசியில எடுத்துப் போத்திலில வைச்சவர். அதிலயும் முக்கால்வாசி பூஞ்சணம் பிடிச்சு, கடைசியா ஒரு பொட்டுத்தான் மிஞ்சினது. போன கிழமை தர்சினி அதை ரெண்டாக்கி ரெண்டு பூவுக்கு வைச்சு, அடையாளத்துக்கு நூலும் கட்டியிருக்கிறா. ரெண்டும் பிடிச்சிட்டுது. அதுதான் அந்த வீக்கம். முத்தி வெடிச்சா ஆயிரக்கணக்கில விதை அண்ணன். அவருக்கெண்டு இந்த உலகத்தில மிஞ்சினது அது ஒண்டுதான்."

"வேற மகரந்தம்?"

"இல்லை."

சிவராசா ஓடினார். அறுபத்துமூன்று வயதில், செருப்பும் இல்லாமல், வாய்க்கால் வரைக்கும் ஓடினார். சிறுபோகத்துக்குத் திறந்துவிட்ட தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. கரையோடு நடந்து, ஒவ்வொரு கோரைப் பற்றையாக விலக்கி, முழங்காலளவு தண்ணீரில் தடவி, அரை மைல் தூரம் போனார். மதகடியில் குப்பையோடு குப்பையாக அது தடக்கி நின்றது. சிவப்பு நூல்தான் காட்டிக்கொடுத்தது. சால்வையை நனைத்து அதில் சுற்றி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார்.

"இஞ்ச பாருங்கோ, பழுதாகேல்லை. ஒட்டு வைக்க ஏலாதோ? மாமரத்துக்கு வைக்கிற மாதிரி?"

உம்மு குல்சூம் அந்தத் தண்டை வாங்கவில்லை. "வெட்டினா முடிஞ்சுது அண்ணன்," என்றார். போகும்போது சிவலட்சுமியிடம் பயணம் சொல்லக்கூட மறந்துபோனார்.

வீடு அதன் பிறகு அடங்கிவிட்டது. சிவலட்சுமி சோறு போட்டாள், அவர் தொடவில்லை. தண்டைச் சால்வையோடு அலுமாரிக்குள் வைத்தார், எடுத்தார், பிறகு திரும்பவும் வைத்தார். மருமகன் செத்தபோது அவர் அழுதார், அது எல்லோரும் பார்க்க அழுத அழுகை. இப்போது அழுகைகூட வரவில்லை. அவனுடைய உயிரைக் கொண்டுபோனது பூச்சட்டி என்று ஊரறியச் சொன்ன வாயும் இதுதான், அவன் விட்டுப்போனதை வெட்டின கையும் இதுதான் என்று நினைக்க, இந்த உடம்பை வைத்துக்கொண்டு எங்கே போவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"நான் சொல்லுறன், நீங்கள் வாயைத் திறவாதேங்கோ," என்றாள் சிவலட்சுமி. "படலை திறந்து கிடந்தது, ஆடு பூந்திட்டுது எண்டு சொல்லுறன்."

"பொய் சொல்லவோ?"

"இல்லாட்டி அவள் இந்த வீட்டில இருக்கமாட்டாள். இருக்கிறது ஒரு பிள்ளை. எனக்கு அவள் வேணும்."

அவர் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை என்பதை நான் இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

நாலரை பஸ்ஸில் தர்சினி வந்தாள். கையில் மாமி கொடுத்துவிட்ட முருங்கைக்காய்க் கட்டு. முகத்தைப் பார்த்துச் சிவலட்சுமி நெஞ்சில் கை வைத்தாள். நிதர்சன் போன பிறகு அந்த முகத்தில் இப்படி ஒரு வெளிச்சம் இருந்ததே இல்லை.

குசினிக்குள் போய்த் தேத்தண்ணி ஊற்றி, இரண்டு கோப்பையில் கொண்டுவந்தாள். ஒன்றைத் தகப்பன் முன்னால் நீட்டினாள்.

"அப்பா, சாப்பிட்டீங்களோ?"

எட்டு மாதத்தில் முதல் வார்த்தை. சிவராசா கோப்பையை வாங்கினார். விளிம்பில் பிடித்து ஒரு வாய் குடித்தார். மகள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் சிவலட்சுமி அவசரப்பட்டாள். "பிள்ளை, ஒரு கதை. நீ ஏங்கக் கூடாது. படலை திறந்து கிடந்து ஆடு ஒண்டு உள்ளுக்க பூந்திட்டுது. வெளியில நிண்ட சட்டியில ஒரு தண்டைக் கடிச்சுப் போட்டுது."

"எந்தச் சட்டி?"

தர்சினி வலைப்பக்கம் நடந்தாள். ஓடவில்லை. கனநேரம் கழித்துத் திரும்பி வந்தாள். அந்த வெளிச்சம் போய்விட்டிருந்தது, முகத்தில் வேறு ஒன்றும் வரவும் இல்லை.

"காலமை நான்தான் கடைசியா வெளிக்கிட்டது. படலையை நான்தான் வடிவாச் சாத்தியிருக்க மாட்டன்," என்றாள். "என்ர பிழைதான் அம்மா."

சொல்லிவிட்டு அறைக்குள் போய் நிதர்சனின் படத்துக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்தாள். கதவு திறந்தே இருந்தது. முற்றத்துக் கதிரையில் இருந்து பார்க்க அவளுடைய முதுகு தெரிந்தது. சிவராசா பார்த்துக்கொண்டே இருந்தார். சிவலட்சுமி அவருக்குக் கண்ணால் சைகை காட்டினாள், பேசாமல் இருங்கோ, விடியச் சரியாகிவிடும் என்று. அவரும் இருந்து பார்த்தார். மகன் இல்லாத வீட்டில் மகனாக வந்தவன், அவனுக்கு ஒரு பொய். எட்டு மாதம் கழித்துச் சாப்பிட்டீங்களோ என்று கேட்டவள், அவளுக்கு ஒரு பொய். செய்யாத பிழையை அவள் தலையில் கட்டிவிட்டுத் தான் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருக்கிறதை நினைத்துக் கோப்பையை நிலத்தில் வைத்தார்.

விளக்கு வைக்கிற நேரம் தர்சினி எழுந்து திரும்பவும் வலையடிக்குப் போனாள். சிவராசா அலுமாரியைத் திறந்தார். மனைவி குறுக்கே வந்தாள். "வேண்டாம், சொல்லாதேங்கோ," என்று கையைப் பிடித்தாள். அவர் அந்தக் கையை மெதுவாக விலக்கிவிட்டு நடந்தார்.

கல்லின் மேல் இருந்த சட்டிக்குப் பக்கத்தில் அவள் நின்றாள். அவர் சால்வையை அவிழ்த்துத் தண்டை நீட்டினார். பூ மூன்றும் துவண்டுபோயிருந்தன. நூல் மட்டும் நனைந்து இன்னும் சிவப்பாக இருந்தது.

"ஆடு இல்லைப் பிள்ளை."

"தெரியும்."

சிவராசா நிமிர்ந்து பார்த்தார்.

"ஆடு கடிச்சா நார் தொங்கும் அப்பா. சாம்பல் தடவாது. அதுக்கு முதலே, தேத்தண்ணி தரேக்கை உங்கட பெருவிரலைக் கண்டனான். மஞ்சள் ஒட்டியிருந்தது. இவர் உயிரோட இருக்கேக்கை ஒரு நாளும் வந்து பார்க்காத மனிசன் இண்டைக்கு வந்து பார்த்திருக்கிறாரெண்டு சந்தோசப்பட்டனான். பிறகுதான் அம்மா ஆட்டுக் கதை சொன்னவ." அவள் மூச்சு எடுத்தாள். "படலையை நான் சாத்திப் போட்டுத்தான் போனனான். என்ர பிழையெண்டு சொன்னா நீங்கள் சொல்லுவீங்களெண்டு பார்த்தன். ரெண்டு மணித்தியாலம் பார்த்துக்கொண்டு இருந்தனான்."

"நூலைக் கண்டு கலப்பெண்டு நினைச்சிட்டன் பிள்ளை. நீ பிடுங்கக் கட்டின நூலெண்டு."

அவள் நூலைப் பார்த்தாள். வயலில் தகப்பன் கட்டுகிற சிவப்புத் துணி அவளுடைய நினைவுக்கு இப்போதுதான் வந்திருக்க வேண்டும். தண்டை வாங்கினாள். நூலின் முடிச்சை நகத்தால் அவிழ்த்து விரலில் சுற்றிக்கொண்டாள்.

"மாமி எட்டு மாதமா ஒரு நேரம்தான் சாப்பிடுறவ. இண்டைக்கு ரெண்டு காய் பிடிச்சிருக்கெண்டு சொன்னன். எழும்பிப் போய்ச் சீப்பெடுத்துத் தலை இழுத்தவ. என்னட்டைக் கேட்டு இன்னொருக்காச் சோறு போடுவிச்சுச் சாப்பிட்டவ. என்ர பிள்ளையின்ர காயை நான் பார்க்கவேணும் எண்டவ." குரல் எங்கும் உயரவில்லை. "நாளைக்கு முதல் பஸ்ஸில வாறா."

சிவராசா கல்லைப் பிடித்துக்கொண்டார்.

"நான் அவவுக்குச் சொல்லமாட்டன் அப்பா. என்னால ஏலாது. சந்தியில போய் நீங்கள்தான் கூட்டிக்கொண்டு வரவேணும். வாற வழியில நீங்கள்தான் சொல்லவேணும்."

"என்னெண்டு சொல்லுறது பிள்ளை?"

அவள் தண்டை அந்தச் சட்டிக்குள்ளேயே, வெட்டின அடிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். இரண்டு அடி நடந்து, திரும்பாமல் நின்றாள்.

"என்னெண்டெண்டாலும் சொல்லுங்கோ. ஆடு எண்டு மட்டும் சொல்லாதேங்கோ."